முதல் சாட்சி

சம்மன் கொண்டுவந்த போலீஸ்காரர் ராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனிக்குள் வரவில்லை. வாசல் வேப்பமரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "குருவம்மாள், புருசன் பேரு சோலைச்சாமி, கீழச்சுனைப்பட்டி" என்று வாட்ச்மேனிடம் வாசித்துக் காட்டி உள்ளே ஆள் அனுப்பினார். 1988, பங்குனி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பின்பக்கக் களத்தில் வெளுத்த துணி கொடி கொடியாகக் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில் அதை நேராகப் பார்க்க ஏலாது.

குருவம்மாள் உள்ளே துணியைச் சுருளாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். வலது கையால் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். இடது கையால் துணியின் ஓரம் விலகாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு சுற்றுத் தளர்ந்தாலும் மேஸ்திரி அவிழ்த்துத் திரும்பச் சுற்றச் சொல்வார். பதினோரு வருஷமாக அவளை யாரும் அப்படிச் சொன்னதில்லை. தலையிலும் இமையிலும் ஒட்டியிருந்த பஞ்சுத் தூசியைத் தட்டாமலே வெளியே போனாள்.

"முதல் சாட்சி நீதாம்மா. ஏப்ரல் பத்தொம்பது, செவ்வாக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் செசன்ஸ் கோர்ட்டு. பத்து மணிக்கெல்லாம் வந்துரணும்."

"நான் என்ன சார் சொல்லணும்?"

"பாத்ததைச் சொல்லு. வேறென்ன."

கையெழுத்துப் போடும்போது பேனா முனை தாளைக் கிழித்தது. போலீஸ்காரர் தாளை மடித்து வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். எதிர்த்த டீக்கடை பெஞ்சில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தார். அவர் இருளப்பசாமி. இந்தக் கேஸில் முதல் குற்றவாளி. குற்றவாளி என்று இருந்தது அவர் ஒருவர்தான்.

பார்த்தது இதுதான். இரண்டு வருஷத்துக்கு முந்தி, மாசி மாதம். கண்மாய்த் தண்ணீர் கடைசி மடைக்கு இறங்கியிருந்த சமயம். யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று ஊரில் தினமும் சண்டை. குருவம்மாள் வேலை விட்டுத் தூக்குவாளியோடு கரை மேல் வந்துகொண்டிருந்தாள். மடைக்குப் பக்கத்தில் பால்ச்சாமியும் இருளப்பசாமியும் நின்றார்கள். பால்ச்சாமிதான் கத்திக்கொண்டிருந்தான். இருளப்பசாமி கத்துகிறவர் இல்லை. இரண்டு லாரி, ஏழு ஏக்கர் நஞ்சை. ஊரில் யாரும் அவர் சத்தம் போட்டுக் கேட்டதில்லை. பால்ச்சாமி குனிந்து மடைப்பலகையைப் பிடுங்கப் போனான். இருளப்பசாமி மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து அவன் பிடரியில் ஒரே ஒரு தரம் போட்டார். பால்ச்சாமி முகம் குப்புற மடைக்குள் விழுந்தான். கால் மட்டும் கரையில் கிடந்து கொஞ்ச நேரம் மண்ணைக் கீறியது.

பிறகு இருளப்பசாமி நிமிர்ந்தார். கரை மேல் நிற்கிறவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். யாரும் ஓடவில்லை. அவர் மண்வெட்டியைத் தண்ணீரில் அலசிவிட்டுத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்து போனார்.

மறுநாள் பால்ச்சாமியின் பெண்சாதி மாடத்தி தெருவில் உட்கார்ந்து, "ஒருத்தரு கூடவா பாக்கலை" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். குருவம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டாள். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு இரண்டு வருஷமாக அவளுக்குச் சோறு நேராக இறங்கவில்லை.

ஜாமீனில் வந்த இருளப்பசாமி அவளை மிரட்டவில்லை. எங்கே பார்த்தாலும் நின்று விசாரிப்பார். சம்மன் வந்த அன்று சாயங்காலமும் கம்பெனி வாசலில் நின்றார்.

"தங்கச்சி, நல்லாருக்கியா? மச்சான் மில்லுக்குப் போறாகளா?"

"போறாக அண்ணாச்சி."

"பிள்ள எட்டாங் கிளாஸ்ல. நாச்சியாருன்னுதான பேரு? சைக்கிள்லதான் பள்ளிக்கூடம் போகுது போல. நம்ம லாரி டிரைவர் சொன்னான், பிள்ளைக ரோட்டுல நடுவுல வருதுகன்னு. பாத்துப் போகச் சொல்லு தாயி."

அவ்வளவுதான். வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். குருவம்மாள் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

பேக்கிங்கில் வேலை செய்த அன்னபாக்கியம்தான் தண்ணீர் கொண்டுவந்தாள். சுற்றிய துணியை நீலத் தாளில் பொதிந்து ஒட்டுகிறவள். குருவம்மாள் வயதுதான் இருக்கும். பிள்ளையில்லை, புருஷன் வேறொருத்தியோடு திருப்பூர் போனவன். மத்தியானம் தூக்குவாளியைத் திறந்ததும் கண்ணை மூடி என்னவோ முணுமுணுப்பாள். அந்த நேரத்தில் மற்றவர்கள் அவள் துவையலை எடுத்துத் தின்றுவிட்டுச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

"இங்க உக்காராத. வா, எங்க கோயில்ல செத்த நேரம் உக்காரு. ஒன் வீட்டுக்காரரு மில் விட ஆறாகும்ல?"

அப்படித்தான் குருவம்மாள் அங்கே போனாள். வேறொன்றும் நினைத்துப் போகவில்லை. டீக்கடையிலிருந்து பார்த்தால் தெரியாத ஓர் இடம் வேண்டியிருந்தது. ஓடு போட்ட சின்ன வேதக்கோயில். ஈஸ்டருக்கு முந்திய லெந்து நோன்பு நாட்கள் என்பதால் தினம் சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். பக்கவாட்டு வாசலை ஒட்டிப் பாயில் உட்கார்ந்துகொண்டாள். நீ யார், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாட்டு அவளுக்குத் தெரியாது. ஆறு மணிச் சங்கு ஊதினதும் எழுந்து போய் மில் வாசலில் சோலைச்சாமி சைக்கிளில் ஏறிக்கொள்வாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும்.

சோலைச்சாமி மில்லில் நூல் ஓடுகிற மெஷினைப் பார்த்துக்கொள்கிறவன். பயந்த சுபாவம் என்று சொல்ல முடியாது. ஒரு தரம் பெல்ட்டில் கை மாட்டிய ஆளை இழுத்துக் காப்பாற்றியிருக்கிறான். ஆனால் மகள் என்று வந்தால் அவன் வேறு ஆள்.

"ஏட்டி, நான் சொல்றதை நல்லா மனசுல வாங்கு. மசங்கல் நேரம். ரெண்டு ஆளு நின்ன மாதிரி இருந்துச்சு. அடையாளம் தெரியலை. அம்புட்டுத்தான். வக்கீல் குமாஸ்தா சொல்லிக் குடுத்தது இதுதான். மூணு வார்த்தை."

"அன்னைக்கு வெளிச்சம் இருந்துச்சுங்க."

"இருந்துச்சு. இருந்தா? நீ வெளிச்சம்னு சொன்னா அவனை உள்ள போட்டுருவாக. அவன் தம்பி வெளிய இருப்பான். லாரி வெளிய இருக்கும். நம்ம பிள்ள அந்த ரோட்டுலதான் போகணும்." குரல் இறங்கியது. "பால்ச்சாமி நல்லவன்தான். என்கூட கபடி ஆடுனவன். அதுக்காக எம் பிள்ளையக் குடுக்க முடியுமா?"

அவன் சொன்னதெல்லாம் நிஜம். அடுப்பு முன்னால் உட்கார்ந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். மசங்கல் நேரம். அடையாளம் தெரியலை. களி கிண்டும்போதும், தண்ணீர் இறைக்கும்போதும் சொல்லிப் பார்த்தாள். வேலையில் கைப்பிடியைச் சுழற்றும்போது அதுவே தாளம் மாதிரி ஆகிவிட்டது. அந்த வாரம் மேஸ்திரி அவளிடம் நான்கு தரம் துணியை அவிழ்த்துச் சுற்றச் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடத்தி வந்தாள். முந்தானையில் நாலு முருங்கைக்காய் கொண்டுவந்திருந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து, கொடுத்த மோரைக் குடித்தாள்.

"நீ சொன்னாலும் அவரு திரும்பி வரப்போறதில்ல. எனக்குத் தெரியும். ஒனக்கும் பொம்பளப் பிள்ள இருக்கு. வற்புறுத்த வரலை." மோர்ச் செம்பைக் கவிழ்த்து வைத்தாள். "அவரு குடிச்சிட்டு வழுக்கி விழுந்து செத்தாருன்னு இருளப்பசாமி வக்கீலு எழுதிக் குடுத்திருக்காராம். அவரு குடிக்க மாட்டாரு குருவு. கோர்ட்டுல அப்படி எழுதிட்டாகன்னா எம் பிள்ளைக நாளைக்கு அதைத்தான படிக்கும்."

அவள் போன பிறகு குருவம்மாள் முருங்கைக்காயை நறுக்கினாள். குழம்பு வைத்தாள். அவளால் ஒரு வாய் வைக்க முடியவில்லை.

பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் முந்தி, கோயிலை நடத்துகிற உபதேசியார் பேதுருவின் கதையைச் சொன்னார். சளி பிடித்த குரல். நடுநடுவே துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சேவகர்கள் இயேசுவைப் பிடித்துக்கொண்டு போய் விசாரிக்கிறார்கள். கூடவே இருந்த பேதுரு வெளி முற்றத்தில், குளிருக்கு நெருப்புக் காய்கிறவர்களோடு நிற்கிறான். ஒரு வேலைக்காரப் பெண் வந்து, நீயும் அந்த ஆளோடு இருந்தவன்தானே என்கிறாள். அந்த மனுஷனை எனக்குத் தெரியாது என்கிறான். இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள். தெரியாது, தெரியாது. கோழி கூவுகிறது. வெளியே போய் அழுகிறான்.

குருவம்மாள் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அடையாளம் தெரியலை. அவனும் இதைத்தான் சொல்லியிருக்கிறான். உபதேசியார் தன்னைத்தான் பார்த்துச் சொல்கிறார் என்று தோன்றியது. பாட்டு முடியுமுன்பே எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் அன்னபாக்கியத்தைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அன்னம், நான் பாக்கலைன்னுதான் சொல்லப்போறேன். முடிவு பண்ணியாச்சு. இனி ஒங்க கோயிலுக்கு வரமாட்டேன்."

"ஏன்?"

"பொய் சொல்றவ எப்படி வர?"

அன்னபாக்கியம் சாப்பாட்டு வாளியை மூடினாள். "சொல்லு, சொல்லாதன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பிள்ளையில்ல. இருந்தா நானும் ஒன்ன மாதிரிதான் முழிப்பேன். நேத்து ஏன் பாதியில எந்திரிச்சுப் போன? கதை அதோட முடியலையே."

"பொறவு என்ன? அந்தாளைத் தள்ளி வச்சிருப்பாரு."

"இல்ல. சாமி உயிர்த்து எந்திரிச்ச பொறவு, கடக்கரையில இவுகளுக்காகக் காத்திருந்தாரு. பேதுருவும் மத்தவுகளும் மீன் பிடிக்கப் போயிட்டு வாராக. கரையில அடுப்பு மூட்டி, மீனு சுட்டு, ரொட்டியும் வச்சிருக்காரு. வாங்க, சாப்பிடுங்கன்னாரு."

"திட்டலையா?"

"திட்டலை. சாப்பிட்டு முடிச்ச பொறவு, நீ எம்மேல பிரியமா இருக்கியான்னு கேட்டாரு. மூணு தரம் கேட்டாரு. என் ஆடுகளைப் பாத்துக்கோன்னு பொறுப்பைக் குடுத்தாரு."

குருவம்மாள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏன் சாமி இப்படி இருக்காரு" என்றாள்.

"தெரியல. எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

"ஒனக்குப் பயமே கிடையாதா அன்னம்?"

"எனக்கா? தனியா இருக்கவ. காத்துக்குக் கதவு ஆடினாலே நெஞ்சு அடைக்கும். சாப்பாட்டுக்கு முந்தி கண்ணை மூடுறனே, என்ன சொல்றேன்னு நெனைக்க? பயமாருக்கு, கூட இருங்கன்னுதான் சொல்றேன். வேற பெரிய ஜெபம் எனக்குத் தெரியாது."

சித்திரை பிறந்தது. காற்று நின்றுவிட்டது. மலை கூட வெயிலில் வெளிறிப்போய்க் கிடந்தது. பரீட்சை முடிந்த அன்றே சோலைச்சாமி மகளை வ. புதுப்பட்டியில் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டான். பஸ்ஸில் ஏற்றும்போது நாச்சியார், "ஏம்மா, நீங்க கோர்ட்டுல பொய் சொல்லப்போறீகளா?" என்று கேட்டாள். பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. குருவம்மாள் அவள் சடையைச் சரிசெய்துவிட்டாள்.

கோர்ட்டுக்கு முந்திய நாள், திங்கட்கிழமை, வேலை விட்டதும் கோயிலுக்குத் தனியே போனாள். பண்டிகை முடிந்து ஆள் இல்லாமல் இருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். கையை எப்படி வைப்பது என்று தெரியவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

பயமாருக்கு என்றாள். சத்தமாகவே வந்தது. எம் பிள்ளைய நினைச்சா பயமாருக்கு. அந்த மண்வெட்டிய நினைச்சா பயமாருக்கு. எங்க வீட்டுக்காரரை நினைச்சாலும் பயமாருக்கு. நாளைக்கு என் வாயில என்ன வரும்னு எனக்கே தெரியல. பொய்தான் வந்தாலும் என்னைத் தள்ளிராதீக.

இரண்டு வருஷமாக அழாத அழுகை எல்லாம் வந்தது. மூக்கு அடைத்து, தொண்டை வறண்டு, போதும் என்கிற வரைக்கும் அழுதாள். யாரும் வந்து தடுக்கவில்லை, தேற்றவில்லை.

அழுது முடித்த பிறகு ஒன்று நடந்தது. அதை அவளால் பிற்பாடு அன்னபாக்கியத்திடம் கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. பேசி முடித்ததும் எதிரில் இருக்கிறவர் பதில் சொல்லாமல் கையைப் பிடித்துக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது என்றாள். மடியில் கிடந்த கையைப் பார்த்தாள். வாய்க்குள் அந்த மூன்று வார்த்தையைச் சொல்லிப் பார்த்தாள். தாளம் வரவில்லை. யாரோ சொன்ன வார்த்தை மாதிரி வெறுமனே கிடந்தது. பயம் போய்விட்டதா என்று தேடினாள். போகவில்லை, இருந்தது. ஆனால் அதைச் சுற்றி இப்போது இடம் இருந்தது. மில் சங்கு ஊதியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் சோலைச்சாமி கடைசித் தரமாகச் சொல்லிக்கொடுத்தான். அவள் "ம்" கொட்டினாள். அவன் மணிக்கட்டில் கருப்பசாமி கோயில் கயிறு புதிதாக இருந்தது. அவளுக்கும் ஒன்று கட்டிவிட்டான். அவன் பயத்துக்கு அவன் தேடிய இடம் அது என்று நினைத்துக் கையைக் காட்டினாள்.

டவாலி பெயரைக் கூப்பிட்டபோது மணி பன்னிரண்டு. கூண்டில் ஏறினாள். மேலே விசிறி ஓடியது, காற்று வரவில்லை. எதிரில் இருளப்பசாமி கைகட்டி நின்றார். மாடத்தி ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். சர்க்கார் வக்கீல் ஊர், பேர், வேலை எல்லாம் கேட்டுவிட்டு, அன்றைக்கு என்ன பார்த்தாய் என்றார்.

வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஜட்ஜ் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பாதி டம்ளர் குடித்தாள். கடைசி பெஞ்சில் புருஷன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். கூட இருங்க என்று மனசுக்குள் சொன்னாள்.

"கரை மேல வந்தேன்யா. மடையில ரெண்டு பேரு நின்னாக. பால்ச்சாமியும், இந்தா நிக்காகளே இவுகளும். அவரு குனிஞ்சாரு. இவுக மண்வெட்டியத் திருப்பிப் பிடிச்சு அவரு பிடரியில போட்டாக. ஒரு தரந்தான். விழுந்துட்டாரு."

தட்டச்சு மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். வயதானவர், நிதானமாகப் பேசினார்.

"மசங்கல் நேரம். நாற்பது கெஜ தூரம். ஆள் அடையாளம் எப்படித் தெரியும்?"

"மசங்கலை. சூரியன் மலைக்கு மேல ஒரு மொழம் இருந்துச்சு. இவுக என்னைப் பாத்தாக. நானும் இவுகளைப் பாத்தேன்."

"பால்ச்சாமி குடித்திருந்தார். வழுக்கி விழுந்தார்."

"அவரு குடிக்க மாட்டாரு."

"ராஜபாளையத்தில் ஒரு சபைக்குப் புதிதாகப் போகிறாய். இப்படிச் சொல் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். சரிதானே?"

"இல்லய்யா. பாக்கலைன்னு சொல்லத்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாக. பாத்ததை யாரும் சொல்லிக் குடுக்கலை."

ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். வக்கீல் இன்னும் முக்கால் மணி நேரம் கேட்டார். கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். அவளும் சொன்னதையே சொன்னாள்.

தீர்ப்பு வர ஆடி மாதம் ஆயிற்று. ஆயுள் தண்டனை. மேல்கோர்ட்டில் அது ஏழு வருஷமாகக் குறைந்தது. நாச்சியார் பள்ளிப் படிப்பு முடிகிற வரைக்கும் வ. புதுப்பட்டியிலேயே இருந்தாள். கீழச்சுனைப்பட்டி வீட்டின் கூரையில் இரண்டு தரம் கல் விழுந்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது என்று அவர்களுக்கு யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. மறு வருஷம் குருவம்மாள் ஞானஸ்நானம் வாங்கினாள். சோலைச்சாமி வரவில்லை, ஆனால் சைக்கிளில் கொண்டுவந்து விட்டான். அதெல்லாம் பின்னால்.

அன்றைக்குக் கோர்ட்டை விட்டு வெளியே வந்ததும் மாடத்தி அவள் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சோலைச்சாமி தூரத்தில் புளியமரத்தடியில் நின்றான். குருவம்மாள் பக்கத்தில் போனாள்.

"கோவமா?"

"பிள்ளைகிட்ட என்ன சொல்ல?" என்றான்.

"நடந்ததைச் சொல்லுவோம்."

அவன் துண்டால் முகத்தை மூடித் துடைத்தான். நிரம்ப நேரம் துடைத்தான். பிறகு கடையில் இரண்டு பொட்டலம் தயிர்ச்சோறு வாங்கி வந்து ஒன்றை அவளிடம் கொடுத்தான். அவள் மரத்தடியில் உட்கார்ந்து முழுவதையும் தின்றாள். அவன் தன் பொட்டலத்திலும் பாதியை அவள் பக்கம் தள்ளினான். அதையும் தின்றாள்.

ராஜபாளையம் பஸ் கிளம்பும் நேரத்தில் இருளப்பசாமி ஏறினார். ஜாமீனில் இருக்கிறவர், ஊருக்குப் போக அவருக்கும் அந்த பஸ்தான். இவர்களுக்கு முன் சீட்டில் இடம் இருந்தது, உட்கார்ந்தார். கண்டக்டர் விசில் ஊதினார். இருளப்பசாமியின் வெள்ளைச் சட்டை வேர்வையில் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. இவ்வளவு பக்கத்தில் பார்க்க அவர் வயசான மனுஷராகத் தெரிந்தார். டிக்கெட் வாங்கும்போது சில்லறையைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து தேடினார்.

ஊர் தாண்டி வயக்காடு வந்ததும் அவர் திரும்பினார். குரல் எப்போதும் போல் மெதுவாகத்தான் இருந்தது.

"பயமில்லையா தங்கச்சி ஒனக்கு?"

சோலைச்சாமி எழுந்திருக்கப் போனான். குருவம்மாள் அவன் தொடையில் கையை வைத்தாள்.

"பயமாத்தான் இருக்கு அண்ணாச்சி. நேத்து வரைக்கும் பயம் மட்டுந்தான் இருந்துச்சு."

அவர் அவளையே பார்த்தார். என்னவோ கேட்கப் போனவர் கேட்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குருவம்மாளுக்குக் கண் சொருகியது. புருஷன் தோளில் தலையைச் சாய்த்தாள். பாதித் தூரம் வருமுன்பே வாய் லேசாகத் திறந்து, குறட்டை வருகிற அளவுக்கு உறங்கிப்போனாள். ராஜபாளையம் வருகிற வரைக்கும் சோலைச்சாமி தோளை அசைக்கவே இல்லை.